வீட்டில் ஒருவருக்குச் சமூகவிரோத ஆளுமைக் கோளாறு இருக்குமோ என்று நினைத்தால்

ஒரு சண்டையையோ ஒரு களவையோ வைத்து இந்தக் கோளாறைச் சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது, பிறர் உரிமையை மதியாமல் பல ஆண்டுகளாகத் தொடரும் நடத்தையை. ஒருவரோடும் பழகாமல் அறைக்குள்ளேயே கிடப்பவருக்கும் இதற்கும் தொடர்பில்லை. அவருக்கு மனச்சோர்வு இருக்கலாம், வெறும் கூச்சமாகவும் இருக்கலாம்.

மனநல வைத்தியர்கள் நோயறியப் பாவிக்கும் அமெரிக்கக் கைநூலான டிஎஸ்எம்-5 ஏழு இயல்புகளைச் சொல்கிறது: கைதாகக்கூடிய காரியங்களைத் திரும்பத் திரும்பச் செய்வது, பொய்யும் ஏமாற்றும், முன்பின் யோசியாமல் இறங்குவது, அடிபிடி, தன் உயிரையும் பிறர் உயிரையும் பொருட்படுத்தாமை, வேலையிலும் கடனிலும் பொறுப்பின்மை, செய்ததற்கு வருந்தாமை. இவற்றில் குறைந்தது மூன்று 15 வயதிலிருந்து தொடர வேண்டும். ஆளுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 15 வயதுக்கு முன்பே களவு, தீ வைத்தல், பிராணிகளை வதைத்தல், பள்ளிக்கூடம் போகாமல் ஒளித்துத் திரிதல் போன்றவை தெரிந்திருக்கவும் வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் வீட்டார் மறந்துவிடுகிறார்கள். போரைக் கண்ட எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் அது மிக முக்கியம். நல்ல பிள்ளையாக வளர்ந்தவர், 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வையோ 2009 வன்னிப் போரையோ கண்டபின் எரிந்து விழுகிறார், குடிக்கிறார், நித்திரையில் அலறுகிறார் என்றால், முதலில் யோசிக்க வேண்டியது நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடுவை (PTSD), அதாவது பயங்கரமான அனுபவம் மனதில் விட்டுப்போகும் காயத்தை. அதற்கு வேறு சிகிச்சை உண்டு. அவரை மனச்சாட்சி இல்லாதவர் என்று முத்திரை குத்துவது பெரும் அநியாயம்.

வைத்தியரிடம் போகமுன் ஒரு கொப்பியில் எழுதுங்கள். "மோசமானவர்" என்று எழுதினால் வைத்தியருக்கு ஒன்றும் விளங்காது. இப்படி எழுதுங்கள்: "பங்குனி மாதம் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தார். கேட்டதற்கு வங்கி லொக்கரில் இருக்கு என்றார். அடகுச் சீட்டு சேர்ட் பைக்குள் இருந்தது. காட்டியபோது, 'மீட்டுத் தருவன்தானே, ஏன் அழுறியள்' என்றார்." பொய், பொறுப்பின்மை, வருந்தாமை மூன்றும் இதில் தெரிகின்றன. அந்த நேரம் குடித்திருந்தாரா, ஐஸ் போன்ற போதைப்பொருள் பாவித்திருந்தாரா என்பதையும் குறியுங்கள். போதையில் மட்டும் வரும் நடத்தை வேறு கதை. பழைய பள்ளிக்கூட அறிக்கைகள் இருந்தால் கொண்டுபோங்கள்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு உண்டு. அவரோடு சேர்ந்து போய் முன்னால் வைத்தே முறையிட்டால் காரியம் கெடும். வைத்தியர் முன் அவர் மிக மரியாதையாகப் பேசிவிடுவார், வீட்டுக்கு வந்தபின் உங்களில் பாய்வார். கொப்பியோடு தனியாகப் போய்ப் பேசுங்கள். அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம்.

இந்தக் கோளாறுக்கென்று மருந்து இல்லை. கூட இருக்கும் மனச்சோர்வுக்கும் குடிப்பழக்கத்துக்கும் சிகிச்சை உண்டு. குடி நின்றாலே அடிபிடி குறையக்கூடும். சிலருக்கு வயது நாற்பதைத் தாண்டும்போது வேகம் தணியும்.

வீட்டில் சொல்லும் நிபந்தனை சிறியதாகவும், நீங்கள் உண்மையிலேயே செய்யக்கூடியதாகவும் இருக்கட்டும். "இனிக் கடனை நாங்கள் கட்டமாட்டோம்" என்று சொல்லிவிட்டு, வெளிநாட்டிலிருக்கும் அக்காவிடம் வாங்கிக் கட்டினால், அடுத்த கடன் நிச்சயம். காணி உறுதி, நகை, அடையாள அட்டை எல்லாவற்றையும் வேறிடத்தில் வையுங்கள்.

அடித்தால், மிரட்டினால், பொறுத்துப் பார்க்க வேண்டாம். இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது 12 மாதம் வரை செல்லும். உதவிக்கு அழைக்கும் தொலைபேசி எண்கள்: பெண்களுக்கு 1938, மனநல ஆலோசனைக்கு 1926, சிறுவர்களுக்கு 1929.

அதே வீட்டில் பத்து வயதுப் பிள்ளையும் களவெடுக்கவோ பிராணிகளை வதைக்கவோ தொடங்கினால், "வளர்ந்தால் சரியாகும்" என்று விடாமல் அந்தப் பிள்ளையை முதலில் கொண்டுபோங்கள். பெற்றோருக்கான பயிற்சி அதிகம் பலன் தருவது இந்த வயதில்தான். அடித்துத் திருத்தப் பார்ப்பது மூர்க்கத்தைக் கூட்டும்.