பழைய மான்தோலைப் பாழாக்கும் பராமரிப்பு

எங்கள் உறவினர் வீட்டுப் பூசையறையில், பாட்டனார் ஜபத்துக்கு உட்கார்ந்த மான்தோல் ஒன்று இருந்தது. புழுதி ஏறிவிட்டதென்று ஒரு சித்திரை மாதத்தில் அதைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, மொட்டைமாடியில் காயப்போட்டார்கள். மாலையில் எடுத்தபோது ஓரங்கள் அப்பளம்போல் மேலெழும்பிச் சுருண்டிருந்தன; தட்டினால் முறத்தைத் தட்டுவதுபோல் ஒலித்தது; மயிர் கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தது.

காரணம் அந்தத் தோல் பதனிடப்பட்ட முறையில் இருக்கிறது. மயிரோடு வைத்துக்கொள்ளும் தோலைப் பழங்காலத்தில் பெரும்பாலும் படிகாரமும் உப்பும் இட்டே பக்குவப்படுத்தினார்கள். படிகாரம் தோலிழைகளோடு உறுதியாகப் பிணைவதில்லை. தண்ணீர் பட்டதும் அது கரைந்து வெளியேறிவிட, எஞ்சும் பச்சைத்தோல் உலரும்போது இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துப்போகின்றன. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் இதைவிடத் தண்ணீரைத் தாங்கும் என்றாலும், வயதாகி நலிந்த எந்தத் தோலும் ஈரமாக இருக்கையில் 40 டிகிரி செல்சியசுக்கும் குறைந்த சூட்டிலேயே சுருங்கிவிடக்கூடும். சித்திரையில் மொட்டைமாடித் தளம் எவ்வளவு சுடும் என்பதைச் செருப்பில்லாமல் நடந்தவர்களிடம் கேட்கலாம். ஆகவே பழைய தோலுக்குத் தண்ணீரும் வெயிலும் வேண்டாம். மெல்லிய தூரிகையால் மயிர் படிந்திருக்கும் திசையிலேயே தள்ளிவிட்டு, உதிரும் தூசியை, வாயில் வலைத்துணி கட்டிய உறிஞ்சு கருவியால் குறைந்த வேகத்தில் எடுத்தால் போதும்.

அடுத்த தவறு எண்ணெய். விறைத்த தோலைக் கண்டதும் தேங்காய் எண்ணெயையோ விளக்கெண்ணெயையோ தேய்க்கக் கை பரபரக்கும். சில நாள் தோல் இளகியதுபோலவும் தோன்றும். பிறகு அந்த எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்குப் பிடித்து, நிறத்தைக் கறுக்கச் செய்து, தூசியை ஈர்த்து, பூசணத்துக்கும் பூச்சிக்கும் தீனியாகிறது. ஒரு காலத்தில் அருங்காட்சியகங்களே தோல் பொருள்களுக்குக் கொழுப்பும் மெழுகும் கலந்த பூச்சுகளைத் தவறாமல் தடவிவந்தன. இன்று அந்த வழக்கத்தைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டன. தொட்டால் செம்பொடியாக உதிரும் பழைய புத்தக அட்டைக்கும் சேணத்துக்கும்கூட எண்ணெய் மருந்தாகாது.

பூச்சிக்கு அந்துருண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். காற்றோட்டமுள்ள அலமாரியில் அதன் ஆவி புழுக்களைக் கொல்லும் அளவுக்குச் சேர்வதே இல்லை; நாம் அதைச் சுவாசிப்பதுதான் மிச்சம். மயிர் வேரோடு கத்தரித்ததுபோல் உதிர்ந்து, அடியில் மணல்போன்ற எச்சமும் புழு கழற்றிய பழுப்புச் சட்டைகளும் தென்பட்டால், தோலைப் பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் மூடி, உணவுப்பொருள் வைக்காத உறைபெட்டியில் −18 டிகிரியில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுவதும் உறையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் குளிர்ந்த தோலின்மேல் நீர் கோத்துக்கொள்ளும். பிறகு மடிக்காமல், மயிர் வெளிப்புறமாக இருக்கும்படி அகன்ற குழாயில் சுற்றி, பருத்தித் துணியால் மூடி, ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டாத அறையில் வைக்கலாம்.

வெறுங்கையால் தொடுவதைச் சிறு தவறாக எண்ண வேண்டாம். வேட்டைக் காலத்துப் புலித்தோல்களிலும் பாடம்செய்த தலைகளிலும் பூச்சி அண்டாதிருக்க ஆர்சனிக் கலந்த சோப்பைப் பூசுவது நெடுங்கால வழக்கம். அந்த நஞ்சு நூறாண்டு கழிந்தாலும் அப்படியே இருக்கும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் அவற்றைத் தட்டித் துடைக்கக் கூடாது. குழந்தைகளைக் கிட்டே விடவும் கூடாது.

பழுதுபார்க்க வெளியே எடுத்துச் செல்லுமுன் வனத்துறையிடம் விசாரிப்பது நல்லது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இத்தகைய தோலுக்கு உரிமைச் சான்றிதழ் தேவை. சான்றிதழ் இருந்தாலும் அதை விற்க முடியாது.