மலிவு விலை டிஜிட்டல் தராசு: தோட்டா மறுநிரப்பலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் இலக்குச் சுடுதலை விளையாட்டாகக் கொண்ட பலர், சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளை உறையைச் சேகரித்து, புதிய பிரைமர் (அடிபட்டதும் பொறி எழுப்பி மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பொருத்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை அமர்த்தித் தாங்களே மீண்டும் பயன்படுத்துகிறார்கள். ரீலோடிங் எனப்படும் இவ்வேலையில் மருந்து அளவு மீறினால் துப்பாக்கியே வெடித்துச் சுடுபவரின் கையையும் கண்ணையும் பறித்துவிடக்கூடும். எனவே சிக்கனமாகத் தராசு வாங்குவோர் விலையைப் பார்ப்பதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திரையில் தெரியும் தசம இலக்கத்தை அப்படியே நம்புவதுதான் முதல் தவறு. மருந்தின் எடை கிரெய்ன் என்ற அலகில் சொல்லப்படுகிறது. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன், ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 15.43. நம் குன்றிமணியைப் போலவே இதுவும் விதையை வைத்து எடைபோட்ட காலத்தில் பிறந்த அளவு. 0.01 கிராம் நுட்பம் என்று விற்கப்படும் தராசு காட்டக்கூடிய மிகச் சிறிய வேறுபாடு ஏறத்தாழ 0.15 கிரெய்னுக்குச் சமம். உள்ளே கிராமில் கணக்கிட்டுத் திரைக்கு மட்டும் கிரெய்னாக மாற்றிக் காட்டும் தராசு 4.8, 4.9, 5.1, 5.2, 5.4 என்று தாவுமே தவிர, 5.0 என்று ஒருபோதும் காட்டாது. 40 கிரெய்ன் கொள்ளும் ரைபிள் தோட்டாவில் 0.1 கிரெய்ன் என்பது கால் சதவீதம்தான். 5 கிரெய்ன் கொள்ளும் கைத்துப்பாக்கித் தோட்டாவிலோ அது 2 சதவீதம். ஆகையால் 0.1 கிரெய்னையாவது உண்மையில் பிரித்தறியும் தராசையே வாங்க வேண்டும். 0.001 கிராம் நுட்பமுள்ள சிறு தராசுகள் இதற்குப் போதும். ஆனால் அவற்றில் பலவற்றின் கொள்ளளவு 20 கிராம்தான் என்பதால், தட்டின் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

நகைத் தொழிலுக்கென்று செய்யப்பட்ட மலிவுத் தராசுகளில் கிராம், கேரட், கிரெய்ன் ஆகிய மூன்றும் ஒரே பொத்தானில் மாறும். 5 கேரட் என்பது 1 கிராம், அதாவது 15.4 கிரெய்ன். விரல் தவறிப் பட்டு அலகு கிரெய்னிலிருந்து கேரட்டுக்கு மாறியதைக் கவனிக்காதவர் மும்மடங்கு மருந்தை நிறுத்துவிடுவார். ஒவ்வொரு முறை தராசை இயக்கும்போதும் அலகை வாய்விட்டுப் படித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

தராசுடன் வரும் 20 அல்லது 50 கிராம் எடைக்கல்லை வைத்துச் சரிசெய்துவிட்டால் எல்லா அளவிலும் சரியாக இருக்கும் என்று எண்ணுவது அடுத்த தவறு. மேல் எடையில் சரியாகக் காட்டும் தராசு கீழ் எடையில் பிசகலாம். நீங்கள் நிறுக்கும் அளவுக்கு அருகிலுள்ள சோதனைக் கற்கள் தேவை: அரை கிராம் கல் 7.7 கிரெய்ன் என்றும், 2 கிராம் கல் 30.9 என்றும் காட்ட வேண்டும். சிலர் 5 கிராம் எடையுள்ள ஐந்து சென்ட் நாணயத்தைச் சோதனைக் கல்லாகப் பயன்படுத்துகிறார்கள். புழக்கத்தில் தேய்ந்த நாணயம் இதற்கு உதவாது. என் கருத்தில், தராசில் பத்து டாலர் குறைத்தாவது நல்ல சோதனைக் கற்களை வாங்குவதே மேல்.

இனி, பூஜ்யம் நகர்வது. மலிவுத் தராசின் உள்ளே இருப்பது எடை ஏறும்போது நுண்ணளவில் வளையும் ஓர் உலோகத் துண்டு. அதன் மேல் ஒட்டிய மெல்லிய உலோக இழையின் மின்தடை மாற்றமே எடையாகக் கணக்கிடப்படுகிறது. குளிர்ந்த கராஜிலிருந்து எடுத்து வந்தவுடன் நிறுக்கத் தொடங்கினால் அளவு நகர்ந்துகொண்டே இருக்கும். அரை மணி நேரமாவது இயக்கி வைத்திருந்து, பிறகு சரிசெய்ய வேண்டும். என் மேசையில் தட்டை வைத்துப் பூஜ்யமாக்கி, பின் தூக்கினால் திரையில் கழித்தல் 142.3 என்று வரும். அந்த எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறை தட்டைத் தூக்கும்போதும் கண் அங்கே போகும். 142.1 என்று வந்தால் பூஜ்யம் நகர்ந்துவிட்டது என்று பொருள், உடனே நிறுத்திவிடுவேன். ஏசிக் காற்று, மின்விசிறி, அருகில் கிடக்கும் கைப்பேசி, வலுவிழந்த பேட்டரி ஆகிய எல்லாமே இந்த நகர்வுக்குக் காரணமாகலாம். குளிர்கால வறட்சியில் பிளாஸ்டிக் தட்டில் மருந்து மணிகள் ஒட்டிக்கொள்ளும் என்பதால் உலோகத் தட்டே நல்லது.

மருந்தை மணி மணியாகத் தூவும்போது இன்னொரு சிக்கல் எழுகிறது. பூஜ்யத்தைத் தானே திருத்திக்கொள்ளும் தராசுகளில் சில, மெதுவாக ஏறும் எடையையும் நகர்வென்று எண்ணி விழுங்கிவிடுகின்றன. நீங்கள் போட்டுக்கொண்டே இருப்பீர்கள், எண் அசையாது. தூவி முடித்ததும் தட்டைத் தூக்கி மீண்டும் வைத்து வருகிற எண்ணையே கொள்ள வேண்டும்.

இந்தச் சோதனைகளைக் குண்டை அமர்த்துவதற்கு முன்பே, பத்துப் பத்து உறைகளுக்கு ஒருமுறை செய்யுங்கள். சோதனைக் கல் தவறாகக் காட்டினால், கடைசியாகச் சரியாகக் காட்டிய இடத்திலிருந்து நிரப்பிய உறைகள் அனைத்தையும் கவிழ்த்து, மருந்தை மீண்டும் நிறுக்க வேண்டும்.