அமெரிக்காவில் ஸ்பீச் தெரபி முதுகலை: கடைசிப் படியிலிருந்து தொடங்கி விண்ணப்பிப்பது எப்படி?

வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும்போது என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "அக்கா, நான் ஊர்ல பி.இ. முடிச்சேன். இங்க ஸ்பீச் தெரபிஸ்ட் ஆக முடியுமா? எந்த யுனிவர்சிட்டி நல்லது?"

முடியும். நானும் தமிழ்நாட்டில் பொறியியல் படித்துவிட்டு வந்தவள்தான். ஆனால் "எந்த யுனிவர்சிட்டி நல்லது" என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொண்டால் பணமும் ஓரிரு வருடமும் வீணாகிவிடும். இந்தத் துறையில் கடைசிப் படி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். அதே வரிசையில்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: முடிவில் என்ன வேண்டும் என்று பாருங்கள்

இங்கே இந்தப் படிப்புக்குப் பெயர் ஸ்பீச் லாங்குவேஜ் பேத்தாலஜி, சுருக்கமாக எஸ்.எல்.பி. திக்குவாய்க்குப் பயிற்சி தருவது மட்டும்தான் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பக்கவாதம் வந்து சொல் கிடைக்காமல் தவிப்பவர், தண்ணீர் குடித்தாலே புரை ஏறுபவர், மூன்று வயதாகியும் பேசாத குழந்தை, குரல் கெட்டுப்போன ஆசிரியர் எல்லாரும் இதற்குள் வருவார்கள்.

வேலை பார்க்க மாநில உரிமம் வேண்டும். அதோடு ஆஷா என்ற அமெரிக்கப் பேச்சு, மொழி, செவிப்புலன் சங்கத்தின் சான்றிதழையும் பல இடங்களில் எதிர்பார்ப்பார்கள். அந்தச் சான்றிதழுக்கு நான்கு விஷயங்கள் தேவை. முதலாவது, சி.ஏ.ஏ. என்ற குழுவின் அங்கீகாரம் பெற்ற முதுகலைப் படிப்பு. இரண்டாவது, 400 மணி நேர மருத்துவப் பயிற்சி. இதில் 25 மணி நேரம் பார்த்துக் கற்பது, மீதி 375 மணி நேரம் நோயாளியோடு நேரடியாகப் பழகுவது. மூன்றாவது, பிராக்சிஸ் தேர்வில் குறைந்தது 162 மதிப்பெண். நான்காவது, படிப்பு முடிந்தபின் சி.எஃப். எனப்படும் முதல் வருட வேலை. முழுநேரமாகப் பார்த்தால் அது 36 வாரம், 1,260 மணி நேரம்.

இளங்கலையோடு நிறுத்திவிட்டு இங்கே எஸ்.எல்.பி. ஆக முடியாது. சென்னையிலோ மைசூருவிலோ பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற பேச்சு, செவியியல் இளங்கலை முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவும் செய்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். ஆஷாவோடு பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் உள்ள நாடுகளில் கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, அயர்லாந்து, நியூசிலாந்து உண்டு, இந்தியா இல்லை. ஆனால் அந்தப் படிப்பு வீணாகாது. அடுத்த படியில் நாங்கள் ஒரு வருடம் செலவிட்டுப் படித்த பாடங்களில் பெரும்பகுதி அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கும்.

படி 2: உங்களிடம் எந்தப் பாடங்கள் இல்லை?

ஆஷா கேட்கும் அடிப்படைப் பாடங்கள் நான்கு: உயிரியல், இயற்பியல் அல்லது வேதியியல், புள்ளியியல், சமூக அல்லது உளவியல் பாடம் ஒன்று. இவை கல்லூரி அளவில் படித்தவையாக இருக்க வேண்டும். பி.இ. முதலாண்டு இயற்பியலும் வேதியியலும் பெரும்பாலும் போதும். சிக்கல் உயிரியலில்தான். நம்மில் பலர் பிளஸ் 2-வில் கணினி அறிவியல் பிரிவு எடுத்தவர்கள். தவளைப் படம் வரைந்ததோடு பத்தாம் வகுப்பிலேயே உயிரியல் முடிந்துபோயிருக்கும். பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் ஒரு செமஸ்டர் படித்தால் இந்த ஓட்டை அடைபடும். புள்ளியியலும் தனிப் பாடமாக இருக்க வேண்டும். "நிகழ்தகவும் சமவாய்ப்புச் செயல்முறைகளும்" என்ற பொறியியல் பாடத்தை ஏற்பார்களா என்று விண்ணப்பிக்கும் இடத்தில் பாடத்திட்டத்தை அனுப்பிக் கேளுங்கள். ஏற்றுக்கொண்டால் அந்தப் பதில் மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இவை தவிர, வேறு துறையிலிருந்து வருபவர்கள் லெவலிங் என்று சொல்லும் முன்பாடங்களைப் படிக்க வேண்டும். ஒலிப்பியல், பேச்சு உறுப்புகளின் உடற்கூறு, குழந்தைகளின் மொழி வளர்ச்சி, பேச்சு அறிவியல், செவியியல் அறிமுகம் ஆகியவை ஏறக்குறைய எல்லா இடங்களிலும் கேட்பவை. மற்றவை இடத்துக்கு இடம் மாறும். யூட்டா ஸ்டேட் போன்ற பல்கலைக்கழகங்களில் இவற்றை இணையவழியில் படிக்கலாம். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு இரவில் படித்தவர்களை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் படித்தேன். இந்தப் பாடங்களில் அவசரப்பட்டு பி, சி வாங்கிவிடாதீர்கள். பொறியியல் மதிப்பெண் சுமாராக இருந்தாலும், இங்கே வாங்கும் ஏ-க்கள்தான் உங்களுக்காகப் பேசும்.

அந்த 25 மணி நேரம் பார்த்துக் கற்பதை இந்தக் கட்டத்திலேயே முடிக்கப் பாருங்கள். ஆஷா சான்றிதழ் பெற்ற ஒருவர் கையெழுத்திட வேண்டும். நேரில் இடம் கிடைக்காதவர்களுக்கு மாஸ்டர் கிளினிஷியன் நெட்வொர்க் போன்ற காணொளித் தளங்கள் உதவும். ஆனால் இரண்டு மூன்று மணி நேரமாவது ஒரு பள்ளியிலோ மருத்துவமனையிலோ நேரில் உட்கார்ந்து பாருங்கள். இது உங்களுக்கு ஒத்துவரும் வேலையா என்பது அப்போதுதான் தெரியும்.

படி 3: பட்டியல் போடுவது

பொறுமையாகச் செய்ய வேண்டிய படி இதுதான். ஆஷாவின் எட்ஃபைண்ட் தளத்தில் எல்லாப் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, சேர்ந்தவர்களின் ஜி.பி.ஏ. என்ன என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். முதல் வேலையாக அங்கீகார நிலையைப் பாருங்கள். புதிதாகத் தொடங்கிய சில துறைகள் கேண்டிடசி என்ற முன்நிலையில் இருக்கும். அங்கே படித்தாலும் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம், பயப்பட வேண்டாம். இரண்டும் இல்லாத இடத்துக்கு, எவ்வளவு குறைந்த கட்டணம் என்றாலும் போகாதீர்கள்.

அடுத்து ஒவ்வொரு துறையின் இணையதளத்திலும் மாணவர் தேர்ச்சி விவரம் என்ற பக்கத்தைத் தேடுங்கள். குறித்த காலத்தில் படிப்பை முடித்தவர்களின் விகிதத்தையும் பிராக்சிஸ் தேர்ச்சி விகிதத்தையும் மூன்று ஆண்டுகளுக்குப் போட்டிருப்பார்கள். பிராக்சிஸ் விகிதம் பெரும்பாலான இடங்களில் உயரமாகவே இருப்பதால், அதை வைத்து இடங்களைப் பிரிக்க முடியாது. குறித்த காலத்தில் முடிக்கும் விகிதம் தாழ்ந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

தரவரிசைப் பட்டியல்களை நான் ஒதுக்கிவிடச் சொல்வேன். அவற்றில் பெரிதும் பேசுவது பல்கலைக்கழகத்தின் பெயரும் புகழும்தான். பள்ளியோ மருத்துவமனையோ வேலைக்கு எடுக்கும்போது உரிமத்தையும் நீங்கள் பயிற்சி பெற்ற இடங்களையும் பார்ப்பார்கள். ஆகவே அந்த 375 மணி நேரம் எங்கே, யாருடைய மேற்பார்வையில் நடக்கும் என்பதுதான் உங்கள் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும். நான் ஒவ்வொரு இடத்திலும் இப்போது படிக்கும் மாணவர்களிடம் கேட்டவை இவை:

- வெளிப் பயிற்சிக்கு இடம் பிடித்துத் தருவது துறையா, நீங்களேவா? (இணையவழிப் படிப்பு என்றால் இதைக் கட்டாயம் கேளுங்கள்.)
- பயிற்சி இடத்துக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் கார் ஓட்டினீர்கள்?
- மருத்துவமனைப் பயிற்சி கேட்ட எல்லாருக்கும் கிடைத்ததா, சிலருக்கு மட்டுமா?
- நோயாளிக்குப் பதில் கணினிச் சிமுலேஷனில் எத்தனை மணி நேரம் போனது? (75 மணி நேரம் வரை ஆஷா அனுமதிக்கிறது.)
- விழுங்கல் கோளாறு தனிப் பாடமா, வேறொரு பாடத்தில் இரண்டு வாரமா?

இந்த ஐந்துக்கும் வந்த பதில்களில் என் பட்டியல் தலைகீழானது. பெயர் பெற்ற ஓர் இடத்தில் மருத்துவமனைப் பயிற்சிக்கு மாணவர்கள் தங்களுக்குள் போட்டி போட வேண்டியிருந்தது. நான் கேள்விப்பட்டே இராத ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் எல்லாருக்கும் ஒரு பள்ளி, ஒரு மருத்துவமனை என்று உறுதியாகக் கொடுத்தார்கள். கட்டணமும் பாதிக்கு அருகில்தான். இதே மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கான சலுகைக் கட்டணம் உங்களுக்குப் பொருந்துமா என்பதை விசா வகையோடு சேர்த்து விசாரியுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் விதி வேறு.

எத்தனை இடங்களுக்குப் போடுவது? ஆறு முதல் எட்டு வரை போதும் என்பது என் கருத்து. ஒவ்வொரு வகுப்பிலும் சேர்ப்பது சில பத்துப் பேரைத்தான், அதனால் இரண்டு மூன்றோடு நிறுத்துவது ஆபத்து.

படி 4: விண்ணப்பம்

பெரும்பாலான துறைகள் சி.எஸ்.டி.கேஸ் என்ற ஒரே பொது விண்ணப்பத் தளத்தைப் பயன்படுத்துகின்றன. கோடையில் திறக்கும், கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஜி.ஆர்.இ. என்ற முதுகலை நுழைவுத் தேர்வைப் பல இடங்கள் கைவிட்டுவிட்டன. உங்கள் பட்டியலில் யாருமே கேட்கவில்லை என்றால் எழுத வேண்டாம்.

ஊரில் படித்தவர்களைத் தாமதப்படுத்துவது மதிப்பெண் சான்றுகள்தான். அவற்றைப் பாடவாரியாக மதிப்பீடு செய்து, டபிள்யூ.இ.எஸ். போன்ற நிறுவனம் வழியாக அனுப்ப வேண்டும். என் பல்கலைக்கழகம் முத்திரையிட்ட உறையை அனுப்ப ஏழு வாரம் எடுத்தது. அப்பா மூன்று முறை நேரில் போய்க் கவுண்டரில் நின்றார். ஜூலையிலேயே தொடங்குங்கள். தளமும் எல்லாவற்றையும் சரிபார்க்கச் சில வாரங்கள் எடுக்கும் என்பதால், கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே சமர்ப்பித்துவிடுவது நல்லது.

பரிந்துரைக் கடிதம் பொதுவாக மூன்று. லெவலிங் பாடங்கள் எடுத்த பேராசிரியர்கள் இரண்டு பேராவது இருக்கட்டும். இணையவழி வகுப்பில் நீங்கள் வெறும் பெயராக இருந்தால் அவர்களால் என்ன எழுத முடியும்? முதல் வாரத்திலிருந்தே அவர்களுடைய ஆபீஸ் நேரத்துக்குப் போய்ச் சந்தேகம் கேளுங்கள்.

சரி, ஏன் இந்தத் துறை என்று விண்ணப்பத்தில் எழுதும் கட்டுரை. என் முதல் வரைவு, பக்கவாதம் வந்த சித்தப்பாவைப் பார்த்து மனம் மாறினேன் என்று தொடங்கியது. படித்த பேராசிரியை, தாத்தா பாட்டிக்குப் பக்கவாதம் என்று தொடங்கும் கட்டுரைகள் ஒவ்வொரு ஆண்டும் தன் மேசைக்குக் கட்டுக்கட்டாக வருகின்றன என்றார். "அவரிடம் நீ என்ன கவனித்தாய்?" என்று கேட்டார். அப்போதுதான் யோசித்தேன். சித்தப்பாவுக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் "சாவி" என்று வரும். தப்பு என்று அவருக்கே தெரியும், தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் ஒன்று, இரண்டு என்று எடுத்துக் கொடுத்தால் பத்து வரை தடையில்லாமல் சொல்வார். தினமும் பாடிய முருகன் பாட்டும் அப்படியே வரும். எண்ண முடிந்தவருக்குத் தண்ணீர் கேட்க ஏன் முடியவில்லை? இந்தக் கேள்வியை வைத்துக் கட்டுரையைத் திருப்பி எழுதினேன். நீங்களும் மனம் உருகியதை எழுதாமல் கண்ணில் பட்டதை எழுதுங்கள்.

தமிழ் தெரிவதையும் "எனக்கு இரண்டு மொழி தெரியும்" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். வீட்டில் தமிழ் பேசும் குழந்தை ஆங்கிலத்தில் சில ஒலிகளை நம் மாதிரி சொன்னால் அது மொழி வேறுபாடு, கோளாறு அல்ல. இதைப் பிரித்தறியத் தெரியாமல் ஒரு குழந்தையைச் சிகிச்சைப் பட்டியலில் சேர்ப்பதும் நடக்கிறது, "இரண்டு மொழி, அதனால்தான் தாமதம்" என்று உண்மையான சிக்கலை விட்டுவிடுவதும் நடக்கிறது. இதைப் புரிந்துகொண்டவர் துறைக்குத் தேவை என்பது தேர்வுக் குழுவுக்கும் தெரியும்.

படி 5: விசா கணக்கு

ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் கணவருக்கோ மனைவிக்கோ கிடைக்கும் ஹெச்-4 விசாவில் படிக்கலாம். ஆனால் சி.எஃப். சம்பளத்தோடு பார்க்கும் வேலை, அதற்கு வேலை அனுமதி தேவை. நான் இதற்காகவே எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினேன். முழுக்க இணையவழியில் நடக்கும் படிப்புக்கு எஃப்-1 கிடைக்காது. எஃப்-1-ல் படித்தவருக்குப் படிப்பு முடிந்ததும் கிடைக்கும் ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி 12 மாதம்தான், கணினித் துறையினருக்குக் கிடைக்கும் கூடுதல் இரண்டு வருடம் எஸ்.எல்.பி.-க்கு இல்லை. அதற்குள் 36 வாரத்தை முடிக்க வேண்டும், வேலையில்லாத நாட்கள் மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது. ஆகவே கடைசி செமஸ்டரிலேயே வேலை தேடத் தொடங்குங்கள். பின்னால் ஹெச்-1பி-க்கு, வெளிநாட்டிலிருந்து வந்த மருத்துவத் துறையினரிடம் கேட்கும் விசாஸ்கிரீன் என்ற சான்றும் வேண்டும், அமெரிக்காவிலேயே படித்திருந்தாலும்.

படி 6: பதில் வந்த பிறகு

பதில்கள் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வரும். பல இடங்கள் முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை நேரம் தருகின்றன. உங்கள் கடிதத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். இரண்டு இடம் கிடைத்தால் மொத்தச் செலவை இரண்டு வருடத்துக்கும் கோடைச் செமஸ்டருக்கும் சேர்த்துப் போடுங்கள். படி 3-ல் கிடைத்த ஐந்து பதில்களையும் பக்கத்தில் வையுங்கள். செலவு குறைவான இடத்தில் அந்தப் பதில்கள் திருப்தியாக இருந்தால் அங்கேயே போங்கள்.

முடிவு செய்த அன்றே மற்ற இடங்களுக்கு "வரவில்லை" என்று எழுதி அனுப்பிவிடுங்கள், கடைசித் தேதி வரை வைத்திருக்காதீர்கள். நான் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவள். ஏப்ரல் 11-ம் தேதி மாலை யாரோ ஒருவர் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார், அடுத்த நாள் காலை எனக்கு அழைப்பு வந்தது.