வேர்க்கடலை, பாதாம், முந்திரி: பொடியாகச் சீக்கிரம், முழுசாக ரொம்பப் பிறகு

பாப்பாவுக்கு எப்போதிலிருந்து வேர்க்கடலை கொடுக்கலாம் என்று பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஆறு மாதம் என்பார் ஒருவர், ஒரு வயது ஆகட்டும் என்பார் இன்னொருவர், மூன்று வயது வரை கண்ணிலேயே காட்டாதே என்று சொல்பவரும் நிச்சயம் இருப்பார். இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம், இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகச் சேர்ந்துகிடக்கின்றன. ஒன்று அலர்ஜி வருமா என்பது, இன்னொன்று தொண்டையில் சிக்குமா என்பது. அலர்ஜிக்குப் பயந்தால் சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும், சிக்குவதற்குப் பயந்தால் தள்ளிப்போட வேண்டும். அதனால் நைசான பொடியாகவோ விழுதாகவோ ஆறு மாதத்தை ஒட்டிக் கொடுக்கலாம், முழுப் பருப்பு மட்டும் ஐந்து வயது வரை வேண்டாம்.

மூன்று வயதுக் கணக்கு சும்மா வந்ததில்லை. அலர்ஜி வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை வேர்க்கடலை கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2000ஆம் ஆண்டில் சொன்னது, 2008இல் கைவிட்டது. அதே 2008இல் லண்டனைச் சேர்ந்த கிடியன் லேக் என்ற மருத்துவரின் குழு ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதியது: பிரிட்டனில் வளரும் யூதக் குழந்தைகளுக்கு வேர்க்கடலை அலர்ஜி இஸ்ரேலில் வளரும் குழந்தைகளைவிடப் பத்து மடங்கு அதிகம். இஸ்ரேலில் பாம்பா என்று வேர்க்கடலை சேர்த்த, வாயில் போட்டால் கரையும் ஒரு தின்பண்டம் உண்டு, கைக்குழந்தையிலிருந்தே அதைச் சாப்பிடுகிறார்கள். அப்புறம் லேக்கின் குழுவே 640 குழந்தைகளை வைத்துச் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாம் 4 முதல் 11 மாதக் குழந்தைகள், கடும் எக்ஸிமாவோ (நம் வீடுகளில் கரப்பான் என்கிறோமே, அது) முட்டை அலர்ஜியோ உள்ளவர்கள். ஐந்து வயதில் பார்த்தபோது, வேர்க்கடலையைத் தவிர்த்த பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு அலர்ஜி இருந்தது, வாராவாரம் சாப்பிட்டு வந்தவர்களில் மூன்று பேருக்குத்தான். காத்திருந்ததுதான் கெடுதல் செய்திருக்கிறது. (தோல் சோதனையிலேயே பெரிய தடிப்பு வந்த குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. இதை மறந்துவிடாதீர்கள், கீழே தேவைப்படும்.)

முதலில் உங்கள் குழந்தை எந்த வகை என்று பாருங்கள். எக்ஸிமா இல்லை, எந்த உணவுக்கும் தடிப்பு வந்ததில்லை என்றால் வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். முழங்கை மடிப்பிலும் கன்னத்திலும் கொஞ்சம் சொரசொரப்பு இருந்து, எண்ணெயோ களிம்போ தடவினால் அடங்கிவிடுகிறது என்றாலும் அப்படித்தான். ஆனால் உடம்பெல்லாம் சிவந்து, சொறிந்து, நீர் வடிந்து, மருந்துக் களிம்பு இல்லாமல் அடங்காது என்ற நிலையோ, முட்டை ஒத்துக்கொள்ளாது என்பதோ இருந்தால் முதல் வாய் வீட்டில் வேண்டாம், அந்த ஆய்வில் சேர்க்காத குழந்தைகளைப் போல ஏற்கனவே அலர்ஜி இருக்கலாம். குழந்தை மருத்துவரைப் பாருங்கள். தேவைப்பட்டால் தோலிலோ ரத்தத்திலோ சோதனை செய்துவிட்டு அவர் கண் முன்னாலேயே கொடுக்கச் சொல்வார். இந்தக் குழந்தைகளுக்குத்தான் சீக்கிரம் கொடுப்பதால் பலனும் அதிகம் என்பதால், பார்ப்பதையும் நாள் கடத்தாதீர்கள், நாலைந்து மாதத்திலேயே பேசிவிடுங்கள்.

அடுத்து சத்துமாவு. நம் வீடுகளில் குழந்தை வேர்க்கடலையை முதலில் ருசிப்பது பெரும்பாலும் இதில்தான். கேழ்வரகு, கம்பு, பயறு, பாதாம், முந்திரி, வேர்க்கடலை என்று பதினைந்து சாமான் ஒரே கஞ்சியில் போகிறது. ஏதாவது தடிப்பு வந்தால் எதனால் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? என் மகளுக்கு ஏழாவது மாதத்தில் இதுதான் நடந்தது, கஞ்சி குடித்த அரைமணியில் முகத்தில் திட்டுத் திட்டாகச் சிவந்தது, எந்தப் பொருள் என்று தெரியாமல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்க்க இரண்டு மாதம் போயிற்று. கடைசியில் முந்திரி. அதனால் சொல்கிறேன், தானியம் மட்டும் போட்ட மாவை முதலில் பழக்குங்கள், பருப்புகளைத் தனித்தனியாகக் கொடுத்து ஒத்துக்கொண்ட பிறகு மாவில் சேருங்கள்.

செய்வது சுலபம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையைப் பொறுக்குங்கள். சுருங்கியது, கருத்தது, பூசணம் பிடித்தது ஒன்றுகூட இருக்கக் கூடாது, பூசணத்தில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், அது வறுத்தாலும் முழுதாகப் போகாது. வெறும் வாணலியில் சின்னத் தீயில் வறுத்து, ஆறியதும் உள்ளங்கையில் கசக்கினால் தோல் உரிந்துவரும், முறத்தில் புடைத்துவிடுங்கள். பிறகு மிக்ஸியின் சின்ன ஜாரில் விட்டுவிட்டு ஓட்டுங்கள். முதலில் ரவை மாதிரி இருக்கும், அதை எடுத்துவிடாதீர்கள், ஓரத்தை வழித்துவிட்டு இன்னும் ஓட்டினால் எண்ணெய் விட்டுப் பளபளவென்று விழுதாகும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று ஒரு துணுக்கு தட்டுப்பட்டாலும் மறுபடி அரைக்க வேண்டும். இந்த விழுதை அப்படியே கரண்டியில் ஊட்டக் கூடாது, அண்ணத்தில் அப்பிக்கொண்டு மூச்சு முட்டும். வெந்நீரிலோ தாய்ப்பாலிலோ தளரக் கரைத்து, மசித்த வாழைப்பழத்திலோ கேழ்வரகுக் கூழிலோ கலந்து கொடுங்கள். உப்பு, சர்க்கரை வேண்டாம், ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

முதல் நாளுக்கு ஒரு காலைப்பொழுதைத் தேர்ந்தெடுங்கள். சளி, காய்ச்சல் இல்லாத நாள், தடுப்பூசி போடாத நாள், அக்கம்பக்கத்தில் டாக்டர் இருக்கும் நாள். தலை நின்று, பிடித்து உட்காரவைத்தால் உட்காரும் குழந்தையாக, வேறு இரண்டு மூன்று உணவுகள் பழகிய குழந்தையாக இருக்க வேண்டும். கரண்டி நுனியில் தொட்டு ஒரு வாய். பத்து நிமிடம் பொறுங்கள். ஒன்றும் இல்லையென்றால் மீதியை மெதுவாக ஊட்டுங்கள். அடுத்த இரண்டு மணி நேரம் குழந்தை உங்கள் கண்ணிலேயே இருக்கட்டும், தூங்கப் போடாதீர்கள். வாயைச் சுற்றி ஒட்டியதால் கொஞ்சம் சிவந்து, துடைத்ததும் மறைந்தால் பயப்பட வேண்டியதில்லை. உடம்பில் தடிப்பு, உதடு கண் வீக்கம், வாந்தி என்றால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். இழுப்பு, விடாத இருமல், குரல் மாறுவது, குழந்தை வெளிறித் துவண்டுபோவது என்றால் அட்ரினலின் ஊசிதான் மருந்து, வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.

ஒத்துக்கொண்டால் விடாதீர்கள். ஒரு தரம் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துபோவதில் பயனில்லை. வாரத்துக்கு மூன்று தரம், இரண்டு டீஸ்பூன் விழுது, இப்படி வழக்கமாக இருக்கட்டும். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு அடுத்தது பாதாம், அப்புறம் முந்திரி, பிஸ்தா, வால்நட், எள். வேர்க்கடலை ஒத்துக்கொண்டதால் முந்திரியும் ஒத்துக்கொள்ளும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், வேர்க்கடலை பயறு இனம், மற்றவை, எள்ளைத் தவிர, மரத்தில் காய்ப்பவை.

உங்கள் பிள்ளைக்கு ஏற்கனவே ஒன்றரை, இரண்டு வயது, இதுவரை கொடுக்கவே இல்லை என்றால் இன்னும் தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை, இதே முறையில் ஆரம்பியுங்கள். வீட்டு வேர்க்கடலைச் சட்னியைத் தோசையோடு நக்கிக்கொண்டு சுகமாகத் திரிகிற பிள்ளையென்றால் வேர்க்கடலையைத் தாண்டிவிட்டீர்கள். இன்னொன்று, சொறி உள்ள தோலில் பாதாம் எண்ணெய், கடலை எண்ணெய் தேய்க்காதீர்கள். வாய் வழியாகப் பழகுவதற்கு முன் வெடித்த தோல் வழியாக உள்ளே போனால் உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

இனி முழுப் பருப்பு. என் சித்தியின் பேத்திக்கு அப்போது இரண்டரை வயது. விசேஷ வீட்டில் யாரோ கையில் நாலு வறுத்த கடலையைக் கொடுத்தார்கள், வாயில் போட்டுக்கொண்டு ஓடினாள், சிரித்தாள், புரையேறி ஒரு நிமிடம் இருமினாள், சரியாகிவிட்டது. எல்லோரும் மறந்துபோனோம். மூன்றாம் நாள் இருமல், சளி என்று மருந்து, ஒரு வாரம் கழித்தும் ஒரு பக்கம் மட்டும் விசில் சத்தம். கடைசியில் மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டுத்தான் அரைப் பருப்பை எடுத்தார்கள். அந்த வயதில் கடைவாய்ப் பற்கள் முழுதாக முளைத்திருக்காது, மூச்சுக்குழாயோ மிகச் சின்னது. உடைத்துக் கொடுத்தாலும் இதே கதைதான், கடலை மிட்டாயும் அப்படியே. பருப்பு வாயில் இருக்கும்போது இருமி அடங்கிய குழந்தையை, அடங்கிவிட்டாலும், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

சிக்கிவிட்டால், பலமாக இருமும் குழந்தையை இருமவிடுங்கள். சத்தமே வரவில்லையென்றால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தலை தாழ முன்கையில் குப்புறப் படுக்கவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்து. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு முதுகில் ஐந்து தட்டு, பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேல் உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்து. வெளியே வரும் வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள், பக்கத்தில் இருப்பவர் 108ஐ அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும்.

"ஒரு பருப்புதானேம்மா, ஆசையாப் பாக்குறான்ல" என்று பெரியவர்கள் நீட்டும்போது சண்டை போட வேண்டாம். என் மாமியாரிடம் நான் பொடி டப்பாவையே கொடுத்துவிட்டேன், "அத்தை, நீங்களே தோசையில தூவிக் கொடுங்க" என்று. இப்போது கோயில் பொங்கலில் கிடக்கும் முந்திரியை எனக்கு முன்னால் அவர்தான் பொறுக்கி எடுக்கிறார்.