கண்ணிவெடிக் கவச வண்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காஸ்பிர் என்ற கண்ணிவெடிக் கவச வண்டியின் அடிப்பகுதி படகின் அடியைப் போல வி வடிவில் கூர்ந்திருக்கும். கீழே கண்ணி வெடித்தால் அழுத்தம் நேராக மேலே ஏறாமல் இரு பக்கமும் சிதறிவிடும். நமீபிய எல்லைப் போருக்காகத் தென்னாப்பிரிக்கா உருவாக்கிய வண்டி இது. டாங்கிகளைத் தகர்க்கச் செய்யப்பட்ட டிஎம்-57 ரகக் கண்ணிகள் சக்கரத்தடியில் மூன்று சேர்ந்து வெடித்தாலும், அல்லது வயிற்றடியில் இரண்டு சேர்ந்து வெடித்தாலும் உள்ளிருப்பவர்கள் பிழைக்க வேண்டும் என்பதே கணக்கு. ஆட்கள்தான் பிழைப்பார்கள், வண்டியல்ல. சக்கரமும் அச்சும் பிய்த்துக்கொண்டு போகலாம்.

இருக்கை வாரைப் போடாமல் உட்காருவதுதான் மிகக் கொடிய தவறு. இலங்கைப் போரில் ஓடிய 'பவள்' (பஃபெல்) என்ற கவச வண்டியை நினைத்துப் பாருங்கள். பத்துப் பேர் முதுகோடு முதுகாக, வெளிப்பக்கம் பார்த்து உட்காருவார்கள். ஒவ்வொருவருக்கும் தோளையும் இடுப்பையும் இறுக்கும் வார் உண்டு. வெடியில் பல டன் எடையுள்ள வண்டியே எகிறி விழும், கவிழவும் செய்யும். வார் இல்லாதவர் இரும்பில் மோதிக் கழுத்தை முறித்துக்கொள்வார். வெளியிலிருந்து ஒரு சில்லுகூட உள்ளே நுழைந்திருக்காது. வெயில், புழுக்கம், சட்டென்று இறங்க வேண்டிய அவசரம் என்று வாரை அவிழ்ப்பவர்களுக்குக் காரணம் இருக்கலாம். ஆனால் உயிர் அந்த வாரில்தான் இருக்கிறது. தோட்டாப் பெட்டி, ஜாக்கி, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் அதேபோலக் கட்டி வைக்க வேண்டும். அவிழ்ந்து கிடக்கும் ஜாக்கி ஒன்றே மண்டையைப் பிளக்கும்.

அடுத்தது, வண்டியை நம்பிப் பாதையை மறப்பது. 2018 மார்ச் 13 அன்று சத்தீஸ்கரின் சுக்மா மாவட்டத்தில், கிஸ்டாரம் பகுதியில், கண்ணிவெடிப் பாதுகாப்பு வண்டியையே மாவோயிஸ்டுகள் தகர்த்தார்கள். சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் 9 பேர் இறந்தார்கள். மண்சாலையிலோ சிறுபாலத்தின் அடியிலோ வெடிமருந்தை வேண்டிய அளவு புதைக்க முடியும்போது, தொழிற்சாலைக் கண்ணியை வைத்துப் போட்ட கணக்கு செல்லாது. முன்னால் நடந்து சோதிக்கும் குழு இல்லாமல், தினமும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் போவது எதிரிக்கு நாள் குறித்துக் கொடுப்பதுதான்.

இதை டாங்கியாக நினைத்துச் சண்டைக்கு முன்னே அனுப்புவதும் தவறு. பக்கத் தகடு துப்பாக்கிக் குண்டைத் தாங்கும், தோளில் வைத்து ஏவும் ராக்கெட் குண்டான ஆர்.பி.ஜி.யைத் தாங்காது. வண்டி உயரமானது என்பதால் வளைவில் வேகம் எடுத்தால் கவிழும். கூடுதல் தகடுகளைப் பற்றவைத்தால் பிரேக்கும் சேர்ந்து திணறும்.

வெடித்த உடனே கதவைத் திறந்து குதிக்காதீர்கள். சுற்றிலும் இன்னொரு கண்ணி இருக்கலாம், மரங்களுக்குப் பின்னால் துப்பாக்கிகள் காத்திருக்கலாம். முதலில் உள்ளிருந்தே திருப்பிச் சுட வேண்டும். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் பின்கதவு வழியாக, வண்டி வந்த சக்கரத் தடத்திலேயே கால் வைத்து, ஒருவர் பின் ஒருவராகப் பின்வாங்க வேண்டும்.