எஸ்டிகே சாம்பிள் கோடை வெளியே கொடுப்பதற்கு முன்னால்

எஸ்டிகேயோடு (ஒரு கம்பெனி தன் சிப்புக்கோ பிளாட்ஃபார்முக்கோ புரோகிராம் எழுதக் கொடுக்கும் டூல் தொகுப்பு) வரும் சாம்பிள் கோடை காப்பி அடித்து வேலையைத் தொடங்காத டெவலப்பரை நான் இன்னும் பார்க்கவில்லை. அதற்காகத்தானே கொடுக்கிறார்கள். நம் மெஷினுக்குள் இருக்கும்வரை பெரும்பாலும் தொந்தரவு இல்லை, அது வெளியே போகும்போதுதான் கேள்வி வரும். கிட்ஹப்பில் பப்ளிக்காகப் போடுவதும், கிளையன்ட்டிடம் சோர்ஸோடு ஒப்படைப்பதும், சோர்ஸ் இல்லாமல் பைனரியாக (மெஷினில் ஓடும் வடிவில்) மட்டும் விற்பதும் லைசன்ஸ் பார்வையில் ஒன்றல்ல. அதனால் முதலில் எதைச் செய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொண்டு, அப்புறம் லைசன்ஸைத் திறங்கள்.

எங்கே தேடுவது? முதலில் ஃபைலின் உச்சியில் இருக்கும் கமெண்ட். எஸ்பிடிஎக்ஸ் (லைசன்ஸ் பெயரைக் குறிக்கும் பொது முறை) என்று தொடங்கும் ஒரு வரி இருந்தால் பாதி வேலை முடிந்தது. அது இல்லையென்றால் அந்த ஃபோல்டரில் உள்ள லைசன்ஸ் ஃபைல், அதுவும் இல்லையென்றால் இன்ஸ்டால் செய்யும்போது படிக்காமலே 'ஏற்கிறேன்' என்று அழுத்தினோமே, அந்த ஒப்பந்தம். ஃபைலிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிப் கம்பெனியான எஸ்பிரெஸிஃபின் ஈஎஸ்பி-ஐடிஎஃப் என்ற எஸ்டிகே மொத்தத்தில் அப்பாச்சி 2.0 லைசன்ஸ், ஆனால் அதன் எக்ஸாம்பிள்கள் பலவற்றின் தலையில் 'இது பொதுச்சொத்து, வேண்டுமானால் சிசி0' என்று எழுதியிருக்கும் (சிசி0 என்றால் எந்த உரிமையையும் வைத்துக்கொள்ளாமல் விட்டுக்கொடுப்பது). வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

நேர் எதிர்ப்பக்கம் நார்டிக் என்ற சிப் கம்பெனி. அவர்களுடைய ஐந்து ஷரத்து லைசன்ஸைப் பார்த்தவுடன் பிஎஸ்டி என்ற தாராளமான லைசன்ஸ் மாதிரிதான் இருக்கும், பாதியில் பலர் மூடிவிடுவார்கள். நான்காவது ஷரத்தில்தான் விஷயம்: மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இந்த கோட் நார்டிக் சிப்போடு மட்டுமே ஓட வேண்டும். ஐந்தாவது, பைனரியாகக் கொடுத்ததை பிரித்துப் பார்த்து ரிவர்ஸ் இன்ஜினியரிங் செய்யக்கூடாது என்கிறது. ஆக, அவர்களுடைய புளூடூத் சாம்பிளை நோண்டி வேறு கம்பெனி சிப்பில் ஓடும்படி போர்ட் செய்து ரெப்போவில் போட்டால் அங்கேயே மீறல். ஜிபிஎல் (சோர்ஸையும் அதே லைசன்ஸில் கொடுக்கச் சொல்லும் லைசன்ஸ்) ப்ராஜெக்ட்டோடு கலந்து விநியோகிக்கவும் முடியாது, கூடுதல் கட்டுப்பாடுகளை ஜிபிஎல் ஏற்காது. ஒரு சலுகை மட்டும் உண்டு: பைனரி அவர்கள் சிப்புக்குள் ஏறி ஒரு பொருளாக வெளியே போனால், காப்பிரைட் வாசகத்தைத் தனியாக அச்சடித்துத் தர வேண்டியதில்லை.

அப்பாச்சி 2.0 கொஞ்சம் தாராளம். ஆண்ட்ராய்டு சாம்பிள்கள் பெரும்பாலும் இதில்தான் வரும். லைசன்ஸின் பிரதி ஒன்று கூடவே போக வேண்டும், சோர்ஸாகக் கொடுத்தால் பழைய காப்பிரைட் வரிகளை அழிக்கக்கூடாது, நோட்டீஸ் ஃபைல் இருந்தால் அதிலுள்ளதையும் கொண்டுபோக வேண்டும், அப்புறம் எல்லோரும் மறப்பது, மாற்றிய ஃபைலில் 'இதை மாற்றியிருக்கிறேன்' என்ற குறிப்பு இருக்க வேண்டும். ஜிபிஎல் வெர்ஷன் 3 கோடோடு கலக்கலாம், 'ஜிபிஎல் 2 மட்டும்' என்று இருக்கும் கோடோடு முடியாது. எம்ஐடி லைசன்ஸ் என்றால் காப்பிரைட் வரியும் அனுமதி வாசகமும் கூடப் போனால் போதும்.

என்விடியாவின் கூடா (CUDA, அவர்கள் ஜிபியூவுக்குப் புரோகிராம் எழுதும் எஸ்டிகே) ஒப்பந்தம் இன்னொரு மாதிரி. சாம்பிள் சோர்ஸை மாற்றி வெளியிட்டால், இதில் என்விடியா தந்த சோர்ஸ் கோட் இருக்கிறது என்ற வாசகத்தை அவர்கள் சொன்னபடியே போடச் சொல்கிறது. உங்கள் ஆப்பில் எஸ்டிகே துண்டுகளைத் தாண்டி உருப்படியாக ஏதாவது இருக்கவும் வேண்டும். சாம்பிளை விட்டு லைப்ரரி ஃபைல்களுக்குப் போனால் கணக்கே வேறு, கூடவே கொடுக்கலாம் என்று பட்டியலில் பெயர் இருப்பதை மட்டும்தான் கொடுக்கலாம்.

ஒரு தடவை நான் எல்லா ஃபைல்களுக்கும் ஒரே மாதிரி ஹெட்டர் (உச்சியில் இருக்கும் அந்த கமெண்ட்) போடுகிறேன் பேர்வழி என்று ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினேன், அது சாம்பிள் ஃபைல்களின் பழைய ஹெட்டரையும் சேர்த்து வழித்துவிட்டது. கிளையன்ட் தரப்பு ஸ்கேன் செய்து கண்டுபிடித்த பிறகு எது எந்த வெர்ஷனிலிருந்து வந்தது என்று தேடியதில் இரண்டு நாள் போனது. இப்போதெல்லாம் சாம்பிளைத் தொடாமல் அப்படியே முதல் கமிட்டில் (கிட்டில் சேமிக்கும் ஒரு பதிவு) போட்டுவிடுகிறேன், மெசேஜில் எஸ்டிகே பெயர், வெர்ஷன், லைசன்ஸ். என் மாற்றங்கள் இரண்டாவது கமிட்டிலிருந்துதான். எதை மாற்றினேன் என்பதை இரண்டையும் ஒப்பிடும் டிஃப் சொல்லிவிடும்.

பத்து வரிதானே, வேரியபிள் பெயரை மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. ஆரக்கிள்–கூகுள் வழக்கில் ரேஞ்ச்செக் என்ற 9 வரி ஃபங்ஷன் கோர்ட் வரை போனது, 2012-இல் ஜூரி அதை மீறல் என்றே சொன்னது. பெயர் மாற்றினால் கோட் நம்முடையதாகிவிடாது.

எங்கே தேடியும் லைசன்ஸே கிடைக்கவில்லையா? அப்படியென்றால் வெளியே கொடுக்க அனுமதி இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், கிட்ஹப்பில் திறந்து கிடந்தாலும் சரி. அந்தக் கம்பெனியின் சப்போர்ட்டுக்கு எழுதி எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வரவில்லையென்றால் சாம்பிளை மூடிவைத்துவிட்டு, ஃபங்ஷன்களை எப்படிக் கூப்பிடுவது என்று சொல்லும் ஏபிஐ டாக்குமென்ட்டை மட்டும் பார்த்து நீங்களே எழுதுங்கள்.