நாசிக் வைன் திராட்சை: வானிலையை வைத்து அறுவடையைக் கணிப்பது எப்படி?

பிரான்சில் குளிர்காலம் முழுக்கக் கொடி தூங்கும். அறுவடை பெரும்பாலும் செப்டம்பர் வாக்கில். மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் கொடி அப்படித் தூங்குவதில்லை. எப்போது காய்க்க வேண்டும் என்பதைக் கிளைகளை வெட்டிவிடும் கவாத்துக் கத்தரிதான் முடிவு செய்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை போல ஆண்டு முழுக்கவும் பறிக்க மாட்டார்கள். இரண்டு கவாத்து, ஒரே அறுவடை.

படி 1: ஏப்ரல் வெயிலைப் பாருங்கள்

அறுவடை முடிந்ததும் கொடியை ஒட்ட வெட்டிவிடுவார்கள். இந்தக் கவாத்தில் பழம் எடுப்பதில்லை. ஆனால் புதுக்கிளையின் மொட்டுக்குள் அடுத்த குலை உருவாவது இந்தக் கோடையில்தான். ஜூனில் பருவமழை மேகம் மூடுவதற்குள் அது நடந்தாக வேண்டும். மே மாதம் முழுக்க மேகமூட்டமா? குலைகள் குறையும் என்று இப்போதே குறித்துக்கொள்ளலாம்.

படி 2: இரண்டாம் கவாத்துத் தேதியைக் கேளுங்கள்

செப்டம்பர், அக்டோபரில் நடப்பது இது. அந்தத் தேதியோடு சுமார் நான்கிலிருந்து ஐந்து மாதம் கூட்டினால் அறுவடை வந்துவிடும். வெள்ளை ரகமான சவிஞான் பிளாங்க் முந்தும், சிவப்பு வைன் ரகமான கேபர்நே பிந்தும்.

இங்கேதான் சூதாட்டம். சீக்கிரம் வெட்டினால் இளந்தளிர் கடைசி மழையில் மாட்டும். இலையின் மேல்பக்கம் எண்ணெய் தெறித்தது போல மஞ்சள் புள்ளி, திருப்பினால் வெள்ளைப் பூஞ்சை: அடிச்சாம்பல் நோய். குலையில் ஏறிவிட்டால் மகசூலே போச்சு. சரி, தள்ளி வெட்டலாமே என்றால், பழம் முற்றும் நேரத்தில் மார்ச் சூடு வந்து நிற்கும்.

படி 3: பூக்கும்போது மழை பெய்ததா?

பெய்தால் பூ உதிரும். அவ்வளவுதான்.

படி 4: டிசம்பர், ஜனவரி இரவுகள்

ஒரே ஒரு அளவைத்தான் கவனிக்க முடியும் என்றால், இரவு வெப்பநிலையைக் கவனியுங்கள். 10 டிகிரி அளவுக்கு இறங்கும் இரவுகளில் பழத்தின் புளிப்பு மெதுவாகத்தான் குறையும். பகல் வெயிலில் சர்க்கரை ஏறும். குளிர் ஏமாற்றினால் இனிப்பு இருக்கும், புளிப்பு இருக்காது. வெள்ளை வைனுக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை.

படி 5: பறிக்கும் நாள்

வெயில் பக்கம், நிழல் பக்கம் இரண்டிலிருந்தும் பழம் எடுத்து நசுக்கி, சாற்றைச் சர்க்கரை அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் விடுங்கள். சாதாரண வைனுக்கு 22 முதல் 24 பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரை அளவு) வரை காத்திருப்பார்கள். நுரைக்கும் வைனுக்கு 18, 19-லேயே பறிப்பதுண்டு. விதை பழுப்பாகிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

2014-இல் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மகாராஷ்டிரத்தில் ஆலங்கட்டி கொட்டியது போல எப்போதாவது நடக்கும். மழை அறிவிப்பு வந்து, பழம் ஒரு பிரிக்ஸ் மட்டும் பின்தங்கியிருந்தால், நானாக இருந்தால் வெள்ளை ரகத்தை அன்று விடியற்காலையே பறித்துவிடுவேன். தோல் தடித்த கேபர்நே இரண்டு நாள் தாங்கும்.